போகியில் எரித்த கோப்புகளும் கடைக்கணக்கில் தப்பிய ஒரு நோட்டும்

2014-ஆம் ஆண்டு போகியன்று விடியற்காலையில், மண்டபம் ஊரில் இருந்த எங்கள் அலுவலகத்தின் பின்புறம், ஏழு மூட்டைக் காகிதங்களை நானே நின்று எரித்தேன். முடிந்துபோன ஒரு வேலையின் பாதுகாப்புக் கோப்புகள் அவை: அன்றாட வேலை அனுமதிச் சீட்டுகள், காலையில் வேலை தொடங்கும் முன் தொழிலாளர்களிடம் பேசியதற்குக் கையெழுத்து வாங்கிய தாள்கள், உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் சாரத்தைச் சரிபார்த்த அட்டைகள், வருகைப் பதிவேடுகள், மூச்சுத் திறன் பரிசோதனை முடிவுகள் சில. கடைசிப் பதிவு 2010 ஆகஸ்டில் இருந்தது. மூன்று ஆண்டுகள் முழுதாகக் கழிந்துவிட்டன, பில் தொகை வந்துவிட்டது, பிடித்து வைத்திருந்த வைப்புத் தொகையையும் விடுவித்துவிட்டார்கள். இனி இவற்றுக்கு என்ன வேலை என்று முதலாளி கேட்டபோது எனக்கும் மறுத்துச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பழையதைக் கழிக்கும் நாள் என்பதும் வசதியாக இருந்தது.

அந்த நெருப்பில் நான் எதை எரித்தேன் என்பது ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் எங்கள் நிறுவனத்தில் எந்தக் காகிதத்தை எவ்வளவு காலம் வைப்பது என்பதை அடியோடு மாற்றி அமைத்தோம். இராமநாதபுரம் கடற்கரையில் எங்களைப் போல் சிறிய அளவில் ஒப்பந்த வேலை செய்யும் பலரும் இன்றும் அன்று நான் இருந்த நிலையிலேயே இருக்கிறார்கள் என்பதால், நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, வாலிநோக்கம் வரை இந்தக் கரையில் இரும்பு என்று எதை நிறுத்தினாலும் உப்புக்காற்று அதைத் தின்னத் தொடங்கிவிடும். துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் கொப்பளித்து உரிந்துவிடும் என்பதால், துரு முழுவதையும் போக்கி வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்த பிறகே பூச்சு ஏற்ற வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் இரயில் பாலம், இப்படிப்பட்ட ஓயாத பராமரிப்பு இல்லாமல் நூறாண்டுக்கு மேல் கடலுக்கு நடுவே நின்றிருக்க முடியாது. நாங்கள் செய்தது அதைவிட மிகச் சிறிய வேலை. கடலோரத்தில் ஒரு தனியார் ஆலையின் இரும்புத் தொட்டிகளை பிளாஸ்டிங் செய்து பெயிண்ட் அடித்துத் தர வேண்டும். கம்ப்ரசர் காற்றில் மணலைக் குழாய் வழியே பீய்ச்சி அடித்தால் துரு பறந்துவிடும். மணலும் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத மாவாகிப் பறக்கும். அந்த மாவில் இருப்பது சிலிக்கா.

சிலிக்காத் தூசி நுரையீரலின் அடிவரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்கி, நுரையீரலைச் சிறிது சிறிதாக இறுக்குகிறது. சிலிகோசிஸ் என்னும் அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. தூசி மிகுதியாக இருந்தால் சில ஆண்டுகளிலேயே வெளிப்படலாம். பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கழித்துத்தான் இருமலும் இளைப்பும் தலைகாட்டும். வேலையை நிறுத்திய பிறகும் நோய் வளர்ந்துகொண்டே போகலாம். பிளாஸ்டிங் வேலைக்கு மணலைப் பயன்படுத்துவதைத் தடுக்க பிரிட்டன் 1949-இலேயே விதி செய்தது. நாங்கள் 2008-இல் மணலைத்தான் பயன்படுத்தினோம், அது விலை குறைவு என்பதால்.

2019 ஜூனில் அலுவலகத்துக்கு வந்தவர் தங்கச்சிமடத்துக்காரர். எங்களிடம் 2008 மார்ச் முதல் 2010 ஆகஸ்ட் வரை பிளாஸ்டிங் குழாய் பிடித்தவர். அதன்பின் வேறு இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் அதே வேலையை 2018 கடைசி வரை செய்திருக்கிறார். வாசற்படி இரண்டை ஏறிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்; மூச்சு அடங்கிப் பேசத் தொடங்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் மருந்து சாப்பிட்டிருக்கிறார். சிலிகோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோயும் எளிதில் பற்றும் என்பதாலும், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றுபோல் மயக்கம் தரும் என்பதாலும் அந்தத் தவறு பலருக்கும் நேர்கிறது. கடைசியில் மதுரையில் ஒரு நெஞ்சக நோய் மருத்துவர்தான் "என்ன வேலை செய்தீர்கள், எத்தனை ஆண்டு, எந்த மணல், முகத்தில் என்ன போட்டிருந்தீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டு, எழுத்தில் ஏதாவது இருந்தால் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"தம்பி, நான் சண்டைக்கு வரல. டாக்டர் கேட்டதுக்குப் பதில் வேணும். நான் உங்ககிட்ட வேலை பார்த்தேன்னு ஒரு காகிதம் இருந்தாக் குடுங்க" என்றார்.

என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. அவருடைய மூச்சுத் திறன் பரிசோதனையை 2009-இல் ஒருமுறை எடுத்தோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த முடிவு இருந்திருந்தால், பத்தாண்டுக்கு முன் அவருடைய நுரையீரல் எப்படி இருந்தது, இப்போது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்த்திருக்க முடியும். அதை நான்தான் போகியில் போட்டேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, "சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை கடந்துவர முடியவில்லை.

மூன்று ஆண்டு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அதன்பிறகுதான் தேடிப் பார்த்தேன். 1971-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் மத்திய விதிகள், பதிவேடுகளைக் கடைசிப் பதிவின் நாளிலிருந்து மூன்று காலண்டர் ஆண்டுகள் அசலாகப் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லின. குறைந்தபட்ச ஊதிய மத்திய விதிகளும் மூன்று ஆண்டு என்றே சொல்லின. இவை கூலிப் பதிவேடு, வருகைப் பதிவேடு போன்றவற்றுக்கான கால அளவு. எங்கள் கணக்காளர் அந்த ஓர் எண்ணையே எல்லாக் காகிதத்துக்கும் பொது அளவாக வைத்துக்கொண்டிருந்தார், நானும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டேன். ஆனால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் பொது ஒழுங்குமுறைகள், 1950, விபத்துப் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லின. உடல்நலப் பதிவுகள் இவற்றிலிருந்து முற்றிலும் வேறானவை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் அவர் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு எழுந்தது ஆஸ்பெஸ்டாஸ் பற்றித்தான். ஆயினும் அதன் காரணம் சிலிக்காவுக்கும் அப்படியே பொருந்துகிறது. நோய் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும்போது மூன்று ஆண்டில் எரிக்கும் காகிதத்தால் யாருக்கு என்ன பயன்?

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எங்கள் ஊர்களில் நிறைய உண்டு. அவர்களில் சிலரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, வெளிநாட்டு நிறுவனங்களின் கோப்பு முறை எவ்வளவு கண்டிப்பானது என்று விவரித்தார்கள். பிறகு நானும் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் தொழிலாளி எந்த நச்சுப் பொருளுக்கு எவ்வளவு ஆட்பட்டார் என்ற அளவீட்டுப் பதிவை 30 ஆண்டுகள் வைக்க வேண்டும். பிரிட்டனில் நச்சுப் பொருள்களோடு வேலை செய்வோரின் உடல்நலப் பதிவைக் கடைசிப் பதிவிலிருந்து 40 ஆண்டுகள் வைக்க வேண்டும். அமெரிக்க விதியில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி இருக்கிறது. நிறுவனம் மூடப்படுகிறது, அதை ஏற்று நடத்த யாரும் இல்லை என்றால், பதிவுகளைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்று தொழிலாளர்களுக்கு மூன்று மாதம் முன்பே தெரிவித்தாக வேண்டும். ஒரு வேலைக்காகத் தொடங்கி அது முடிந்ததும் காணாமல் போகும் ஒப்பந்ததாரர்கள் நிறைந்த நம் ஊருக்கு இதைவிடத் தேவையான விதி வேறில்லை.

தங்கச்சிமடத்துக்காரர் வந்து போனபின், பழைய ஆட்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அண்ணன் 2012-இல் வேலையை விட்டு உச்சிப்புளிப் பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். அவரிடம் போய்க் கேட்டபோது, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். சாமான் வழங்கிய கணக்கு நோட்டு அது. பாதிக்கு மேல் வெற்றுத் தாளாக இருந்ததால் எறிய மனம் வராமல் வீட்டுக்குக் கொண்டுபோய், மீதிப் பக்கங்களில் கடைக்கடன் எழுதி வந்திருக்கிறார். ஒரு பக்கத்தில் "சீனி 1 கி., டீத்தூள் 100" என்றிருந்தது, அதற்கு முந்தைய பக்கங்களில் தேதி, பெயர், பொருள், எண்ணிக்கை, கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை என்று ஐந்து பத்திகள். பின் குத்திய இடமெல்லாம் துருவேறி, சுற்றிலும் பழுப்பாகி, சில தேதிகளில் ஓட்டையே விழுந்திருந்தது. ஆனாலும் 2008 மே முதல் 2010 ஜூலை வரை அந்தத் தொழிலாளியின் பெயரில் 41 பதிவுகளை என்னால் எண்ண முடிந்தது. "துணி மாஸ்க் 1", "துணி மாஸ்க் 1", "கையுறை 1 ஜோடி", "துணி மாஸ்க் 1". முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: "காத்து ஹெல்மெட் 2." பிளாஸ்டிங் குழாய் பிடித்தவர்கள் ஏழு பேர். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் தலைக்கவசம் இருந்தது இரண்டே இரண்டு. சிலிக்கா மாவைத் துணி தடுக்காது.

அந்த நோட்டு அவர் எங்களிடம் வேலை செய்தார் என்பதற்குச் சான்று. அவரை நாங்கள் சரியாகப் பாதுகாக்கவில்லை என்பதற்கும் அதுவே சான்று. முதலாளியிடம் கொண்டுபோய் வைத்தேன். நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். "இது நம்ம கைக்கு வந்தது வேற யாருக்கும் தெரியுமாப்பா?" என்று கேட்டார். கடைக்கார அண்ணனுக்குத் தெரியும் என்றேன். "இதைக் கொடுத்தா நம்ம தலையில நாமளே கல்லைத் தூக்கிப் போட்டுக்கிற மாதிரி" என்றார்.

நான் அவரிடம் இரண்டு விஷயங்கள் சொன்னேன். முதலாவது சட்டம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், சிலிகோசிஸ் போன்ற நோய்களைத் தனிப் பட்டியலாக வைத்து, ஒருவர் பல முதலாளிகளிடம் வேலை செய்து அந்த நோயைப் பெற்றிருந்தால், இழப்பீட்டு ஆணையர் நியாயம் என்று கருதும் விகிதத்தில் அவர்கள் அனைவரும் இழப்பீட்டைப் பகிர்ந்து ஏற்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அவர் செய்த வேலையில் எங்கள் பங்கு இரண்டரை ஆண்டு மட்டுமே என்பதை நிறுவ எங்களிடம் இருக்கும் ஒரே சான்று இந்த நோட்டுதான். இதை ஒளித்தால் எங்கள் பங்கு எவ்வளவு என்று நாங்கள் வாயால் சொல்வதை யாரும் நம்பப் போவதில்லை. இரண்டாவதாக, அவர் படியேறி வந்து தூணைப் பிடித்து நின்றதைச் சொன்னேன். முதலாளி இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, "வா, தங்கச்சிமடம் போகலாம்" என்றார். இந்தக் கரையில் எனக்குத் தெரிந்த நல்ல மனிதர்களில் அவரும் ஒருவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

தங்கச்சிமடத்துக்காரர் இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை என்பதால் இழப்பீட்டு ஆணையரிடம்தான் செல்ல வேண்டியிருந்தது. மூவரில் ஒருவர் நிறுவனத்தையே கலைத்துவிட்டிருந்தார். கொரோனா முடக்கமும் சேர்ந்து, விஷயம் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நோட்டின் பக்கங்கள் சான்றாக ஏற்கப்பட்டன. எங்கள் பங்கை நாங்கள் கொடுத்தோம். அவர் இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வலைக்குப் பழுது பார்க்கிறார்.

இதற்குப் பிறகு எங்கள் கோப்புகளுக்கு நாங்கள் வகுத்துக்கொண்ட கால அளவுகளைச் சொல்கிறேன். சட்டம் கேட்பதைவிடச் சிலவற்றில் கூடுதலாகவே வைத்திருக்கிறோம். ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும் நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, இந்த வேலையால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் அது வெளியே தெரிய எத்தனை காலம் ஆகும் என்பதே. பில் எப்போது பாஸாகிறது என்பதற்கு இதில் இடமே இல்லை.

அன்றாட அனுமதிச் சீட்டு, காலைப் பேச்சுத் தாள், சாரம் சரிபார்த்த அட்டை ஆகியவை வேலை முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகள் இருக்கும். உயரத்திலிருந்து விழுவது, கை நசுங்குவது, மின்சாரம் தாக்குவது எல்லாம் அன்றே தெரிந்துவிடும். அவற்றுக்கான இழப்பீட்டுக் கோரிக்கையை விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து ஏற்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு என்பதால் இரண்டோடு நிறுத்தக் கூடாது. ஒருமுறை எங்கள் ஆள் ஒருவருக்கு விரல் நசுங்கியது. அன்றைய அனுமதிச் சீட்டு, அந்தப் பளுதூக்கியின் சோதனைச் சான்றிதழ், அதை இயக்கியவரின் பயிற்சிச் சான்று, சம்பவ இடத்தின் புகைப்படம் ஆகிய நான்கும் நான்கு கோப்புகளில் சிதறிக் கிடந்ததைத் தேடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அதிலிருந்து, விபத்து நடந்த அன்று மாலையே அது தொடர்பான எல்லாக் காகிதங்களையும் நகலெடுத்து ஒரே உறையில் போட்டுவிடுகிறோம். அந்த உறை பத்து ஆண்டுகள் இருக்கும். வழக்கு நடந்தால் கடைசி மேல்முறையீடு முடியும் வரை யாரும் அதைத் தொடக் கூடாது.

இயந்திரச் சான்றிதழ்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. பளுதூக்கும் கருவிகளைத் தகுதி பெற்றவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாக ஆராய வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. புதுச் சான்றிதழ் வந்ததும் பழையதைத் தூக்கி எறிவது வழக்கமாக இருந்தது. விபத்து நடந்தால் கேட்கப்படுவது அந்த நாளில் செல்லுபடியாக இருந்த சான்றிதழ்தான், இன்றைய சான்றிதழைக் காட்டி ஒன்றும் ஆகாது. ஆகவே கருவி எங்களிடம் இருக்கும் காலம் முழுவதும், விற்ற பிறகு ஐந்து ஆண்டுகளும், எல்லாச் சான்றிதழ்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன.

உடல்நலப் பதிவும், தூசி, இரைச்சல், இரசாயனம் ஆகியவற்றுக்கு ஒருவர் ஆட்பட்ட விவரமும் 40 ஆண்டு அல்லது விலகியபின் 15 ஆண்டு என்ற உச்ச நீதிமன்ற அளவின்படி. இதில் மருத்துவச் சான்றிதழை மட்டும் வைத்தால் போதாது. யார் எந்த மாதங்களில் எந்த வேலையில் நின்றார், எந்தப் பொருளால் பிளாஸ்டிங் செய்தோம், மணலா அல்லது மணலுக்குப் பதிலாகப் பயன்படும் காப்பர் ஸ்லாக்கா கார்னெட்டா, எந்த வகை முகக்கவசம் கொடுத்தோம், எத்தனை கொடுத்தோம் என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். மருத்துவர் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. நாங்கள் நிரப்பும் படிவங்களில் இந்த விவரம் முழுதாக இல்லை என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாளாக நாங்களே எழுதிவிடுகிறோம்.

அந்தத் தாளின் ஒரு நகலைத் தொழிலாளியின் கையிலேயே கொடுக்கிறோம். நாங்கள் செய்த மாற்றங்களில் மிகவும் பயனுள்ளது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் நிறுவனம் நாற்பது ஆண்டு இருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் குடும்ப அட்டை, மீனவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் போட்டு வைத்திருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பை வீட்டில் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான். தாள் தமிழில் இருக்க வேண்டும், "இதை எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள்" என்று மேலே பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

கட்டமைப்போடு சேர்ந்த தகவல் இன்னொரு வகை. பழைய தொட்டிகளில் அடிப்பூச்சாகச் செவ்வீயம் என்னும் ஈயம் கலந்த சிவப்புப் பெயிண்டைப் பூசியிருப்பார்கள். அது தெரியாமல் பின்னால் வரும் ஒப்பந்ததாரரின் ஆள் கேஸ் கட்டரால் வெட்டினால் ஈயப் புகை நேராக உடம்புக்குள் போகும். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருப்பதும், ஆள் இறங்கும் எந்தத் துளைக்குள் மூச்சுவிடப் போதிய காற்று இருக்காது என்பதும் இப்படித்தான். வேலையை ஒப்படைக்கும்போது இவற்றை ஒரு தனிக் கோப்பாக இடத்தின் உரிமையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறோம். அந்தக் கட்டமைப்பு நிற்கும் வரை அது அங்கே இருக்க வேண்டும், எங்கள் நகல் எங்களிடம் இருக்கும்.

காலத்தை முடிவு செய்தால் மட்டும் காகிதம் தங்கிவிடாது, கடற்கரையில் அதற்குத் தனிப் பாடு உண்டு. இரும்புப் பின்னும் குண்டூசியும் போடுவதில்லை, பருத்தி நூலில் கோக்கிறோம். வாயு அளவி, எடை மேடை போன்றவற்றிலிருந்து வரும் வழவழப்பான வெப்பத்தாள் சீட்டுகள் சில மாதங்களிலேயே வெளுத்து வெறும் தாளாகிவிடும் என்பதால் வந்த வாரத்திலேயே நகலெடுத்துச் சேர்த்துக் கோக்கிறோம். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பயந்து பீரோவைச் சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி வைத்திருக்கிறோம். 2024 நவம்பர் 20 அன்று பாம்பனிலும் இராமேஸ்வரத்திலும் வானம் பிளந்ததுபோல் மழை கொட்டியபோது எங்கள் அலுவலகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கோப்புகள் தப்பித்தது அந்த இரண்டடியால்தான்.

ஸ்கேன் செய்து வைப்பதும் நல்லதே. ஒரு பிரதி அலுவலகத்தில், இன்னொன்று கடலிலிருந்து தள்ளி வேறு ஊரில் இருக்க வேண்டும். ஆனால் மின்னணுப் பிரதியை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க வேண்டுமானால் அதற்கென உள்ள சான்றிதழ் தேவை. முன்பு சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே கையெழுத்தும் ரேகையும் உள்ள அசலை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று எறிந்துவிடக் கூடாது. பெயரால் கோப்பைத் தேடுவதும் நம் ஊரில் நடக்காத காரியம். ஒரே வேலையில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒன்றாக மாறும். வருங்கால வைப்பு நிதியின் யு.ஏ.என். எண் 2014-இல் வந்ததிலிருந்து, முதலாளி மாறினாலும் மாறாத அந்த எண்ணையே கோப்பின் தலைப்பில் எழுதுகிறோம், தந்தை பெயரையும் ஊரையும் சேர்த்து.

எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதும் சரியில்லை. ஒருவரின் நோய் விவரம் டீ குடிக்கும் மேசையில் கிடக்கக் கூடாது. உடல்நலக் கோப்புகளுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. காலம் முடிந்தவற்றை அழிக்கும்போது எந்தக் கோப்பு, எந்த வேலை, எந்தத் தேதி வரையிலானது, யார் அனுமதித்தார், யார் அழித்தார் என்று ஒரு பதிவேட்டில் எழுதி இருவர் கையெழுத்திடுகிறோம். அந்தப் பதிவேட்டை அழிப்பதில்லை. 2014-இல் நான் எரித்ததற்கு அப்படி ஒரு வரிகூட இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, நான் மேலே குறிப்பிட்ட பழைய சட்டங்கள் பலவும் அவற்றுக்குள் சென்றுவிட்டன. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் பகுதியாகிவிட்டது. படிவங்கள் மாறும், பதிவேடுகளின் எண்ணிக்கை குறையும். அதைக் காரணமாக வைத்துப் பழைய பீரோவைக் காலி செய்யும் எண்ணம் யாருக்கேனும் இருந்தால், தயவுசெய்து பொறுங்கள். 2008-இல் தூசியைச் சுவாசித்தவரின் நுரையீரலுக்குச் சட்டம் மாறியது தெரியாது.

கடைக்கார அண்ணனின் நோட்டை வழக்கு முடிந்தபின் திரும்ப வாங்கி, கடைக்கடன் பக்கங்களை மட்டும் நகலெடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டேன். அதில் பெயருள்ள மற்ற ஆறு பேரையும் தேடினோம். ஐந்து பேரைக் கண்டுபிடித்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னோம், ஒருவருக்குத் தொடக்க நிலையில் நோய் தெரிந்து அவர் தூசி வேலையை விட்டுவிட்டார். ஆறாமவர் எங்கே இருக்கிறார் என்று இன்னும் தெரியவில்லை. சாயல்குடிப் பக்கம் என்று மட்டும் ஒருவர் சொன்னார். நோட்டின் உறையில், வேலை தொடங்கிய 2008-இலிருந்து நாற்பது ஆண்டு கணக்கிட்டு, "2048 டிசம்பர் 31 வரை அழிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன். அப்போது நான் வேலையில் இருக்க மாட்டேன் என்பதால், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணை உட்கார வைத்து அந்த நோட்டின் கதை முழுவதையும் சொல்லி, பீரோவின் இரண்டாவது சாவியைக் கொடுத்தேன். அவர் முதலில் கேட்டது அந்த ஆறாமவரின் பெயரும் தந்தை பெயரும்தான், இரண்டையும் குறித்துக்கொண்டார்.